‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’: யார் கண்ணால் கதையைப் பார்க்கிறோம்? (ஐந்து புத்தகங்களின் கதையும் உடையும்)

#1 பக்கம்புரட்டி

வணக்கம் நண்பர்களே. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் இந்த வரிசையைப் பற்றி இங்கே பேச்சு வரும்போதெல்லாம் அது ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ டிவி தொடரின் கடைசி சீசனில் போய் முட்டி நின்றுவிடுகிறது. இந்த இழையில் புத்தகங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். எதையும் மறைக்காமல் பேசப் போகிறோம், பாதியில் இருப்பவர்கள் முடித்துவிட்டு வாருங்கள்.

எனக்குப் பேச வேண்டியது கதை சொல்லும் ஆட்களைப் பற்றி. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு ஆளின் பெயர்தான் தலைப்பு. ‘நான்’ என்று யாரும் பேசுவதில்லை, எல்லாம் படர்க்கைதான். ஆனாலும் அந்த ஆளின் மண்டைக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறோம். அவர் பார்க்காததை நாமும் பார்க்க முடியாது. அவருக்கு வந்து சேராத செய்தி நமக்கும் வந்து சேராது. நம் தொடர்கதைகளில் கதாசிரியரே குறுக்கே வந்து, ‘வாசகர்களே, இதே நேரத்தில் கோட்டைக்குள் என்ன நடந்தது என்று பார்ப்போம்’ என்று கூட்டிப் போவார். இங்கே அப்படிக் கூட்டிப் போக ஆளே கிடையாது.

1996இல் வந்த முதல் புத்தகத்தில் முன்கதை அத்தியாயத்தைத் தள்ளிவிட்டால் 72 அத்தியாயங்கள், எட்டே பேர். அதில் ஆறு பேர் ஸ்டார்க் வீட்டு ஆட்கள்: நெட், கேட்லின், சான்சா, ஆர்யா, பிரான், ஜான் ஸ்னோ. மிச்சம் எதிரி வீடான லானிஸ்டர் வீட்டு டிரியனும், கடலுக்கு அப்பால் வாழும் பழைய ராஜவம்சத்து டெனேரிசும். ஆக, நம்மைக் கேட்காமலேயே மார்ட்டின் நம்மை அந்த வீட்டுக்குள் உட்கார வைத்துவிடுகிறார். லானிஸ்டர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று நாம் முடிவு கட்டுவது அங்கே உட்கார்ந்துகொண்டுதான். அப்புறம் 2000இல் வந்த மூன்றாவது புத்தகத்தில் தலைப்பில் ஜேமி லானிஸ்டரின் பெயர். ஏழு வயதுப் பையன் பிரானை ஜன்னலிலிருந்து தள்ளிவிட்டவனின் மண்டைக்குள் போய் உட்கார வேண்டும். ஹாரன்ஹால் குளியலறையில், வலது கை போன பிறகு, காய்ச்சலோடு வெந்நீரில் கிடந்தபடி அவன் பிரியன் என்ற பெண் வீரரிடம் பேசுகிறான். பைத்தியக்கார ராஜா ஏரிஸ் நகரத்தையே ‘காட்டுத்தீ’ என்ற எரிதிரவத்தால் கொளுத்தப் பார்த்தான், அதனால்தான் அவனைக் கொன்றேன் என்கிறான். அதுவரை ‘ராஜாவைக் கொன்றவன்’ என்ற பட்டத்தை நாமும் ஊரோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தோம். முதல் புத்தகத்தில், அரியணையில் ஜேமி உட்கார்ந்திருந்ததைப் பார்த்த நெட்டின் கோபத்தை நாம் அப்படியே வாங்கிக்கொண்டோம். நெட் ஏன் என்று கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

இன்னொன்று. ஐந்து ராஜாக்கள் சண்டை என்று பெயர். ஜாஃப்ரி, ராப், ரென்லி, ஸ்டானிஸ், பேலன். இந்த ஐந்து பேரில் ஒருவர் மண்டைக்குள்ளும் நாம் போவதே இல்லை. ராப் களத்தில் இறங்கி ஒரு சண்டையில்கூடத் தோற்காதவன். அவன் மேற்கே போய் அடித்த அடியெல்லாம் நமக்குச் செய்தியாகத்தான் வருகிறது. அவனை அழித்த காரியம், அதாவது ஃப்ரே வீட்டுக்குக் கொடுத்த வாக்கை மீறி ஜெய்ன் வெஸ்டர்லிங்கைக் கட்டிக்கொண்டது, அத்தியாயங்களுக்கு நடுவே நமக்குத் தெரியாமல் நடந்து முடிகிறது. அவன் மனைவியோடு ரிவர்ரன்னுக்குத் திரும்பும்போது அம்மா கேட்லினோடு சேர்ந்துதான் நாமும் அதைத் தெரிந்துகொள்கிறோம். டிவியில் பெண்ணையும் மாற்றி, அந்தக் காதலை விலாவாரியாகக் காட்டினார்கள். காட்டியதும் அது காதல் கதையாகிவிட்டது. புத்தகத்தில் அது ஒரு தாயின் தலையில் விழுந்த இடி.

யாருக்கு எது தெரியும், யாருக்கு எது தெரியாது என்பதில்தான் இந்தக் கதையே ஓடுகிறது என்பது என் கட்சி. உங்களுக்கு யார் அத்தியாயம் பிடித்தது, யாருடையது சோர்வடைய வைத்தது, காரணத்தோடு எழுதுங்கள்.

#2 இரவுக்காவல்

முதல் மூன்று புத்தகத்துக்கு நீங்கள் சொல்வது அத்தனையும் சரி. 2005இல் வந்த நான்காவதில் என்ன ஆயிற்று? ‘எ ஃபீஸ்ட் ஃபார் க்ரோஸ்’ எடுத்தால் ஜான் இல்லை, டிரியன் இல்லை, டெனேரிஸ் இல்லை. விழுந்து விழுந்து படிக்க வைத்த மூன்று பேரும் இல்லை. தலைப்பில் பெயர்கூட இல்லாமல் ‘தீர்க்கதரிசி’, ‘காவலர் தலைவன்’ என்று யார் யாரோ வருகிறார்கள். இரும்புத் தீவில் ஒரு பூசாரி, டோர்னில் ஒரு மெய்க்காப்பாளன். யார் மண்டைக்குள் இருக்கிறோம் என்று பிடிபடவே நேரம் ஆகிறது.

இதற்கெல்லாம் மேலே பிரியன். எட்டு அத்தியாயம். ஊர் ஊராகப் போய், பதின்மூன்று வயதுப் பெண், செம்பட்டை முடி, பார்த்தீர்களா என்று கேட்கிறாள். சான்சா ஈரிக் கோட்டையில் சூழ்ச்சிக்காரன் லிட்டில்ஃபிங்கரின் மகள் வேஷத்தில் இருப்பது நமக்கு ஏற்கெனவே தெரியும். கிடைக்கப் போவதில்லை என்று தெரிந்த தேடலை எட்டு அத்தியாயம் எதற்குப் படிக்க வேண்டும்? மறுவாசிப்பில் நான் அவற்றைத் தாண்டிப் போய்விடுவேன். எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை.

#3 கொக்குமரம்

நான்காவது புத்தகம் ஏன் அப்படி ஆயிற்று என்பதற்குக் காரணம் உண்டு. முதலில் மூன்றே புத்தகம் என்றுதான் மார்ட்டின் திட்டம் போட்டார். மூன்றாவது புத்தகத்துக்குப் பிறகு கதையில் ஐந்து வருஷம் தாண்டிப் போய், பிள்ளைகளெல்லாம் வளர்ந்த பிறகு தொடர்வதாக இருந்தது. அது சரிப்பட்டு வரவில்லை என்று விட்டுவிட்டார். எழுத எழுத ஒரே புத்தகத்தில் அடங்காமல் போனது. அப்போது கதையைக் காலத்தால் பாதியாக வெட்டாமல், இடத்தால் வெட்டினார். தெற்கும் இரும்புத் தீவும் நான்காவதில், ஜான் காவல் இருக்கும் வடக்கு எல்லைச் சுவரும் கடலுக்கு அப்பால் இருப்பதும் 2011இல் வந்த ஐந்தாவதில். ஐந்தாவதின் முன்பாதி முழுக்க நான்காவது நடக்கும் அதே காலம்தான்.

என் கேள்வி இதுதான். இரண்டையும் காலவரிசைப்படி கலந்து, இதில் ஒன்று அதில் ஒன்று என்று படிக்க வாசகர்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். புதிதாகப் படிப்பவர்களுக்கு எதைச் சொல்வீர்கள்? எனக்குக் கலந்து படிப்பதுதான் சரி என்று படுகிறது. ஜானும் டிரியனும் இல்லாத ஏக்கம் தீரும், பிரியனும் சுமையாக இருக்க மாட்டாள்.

#4 பக்கம்புரட்டி

கொக்குமரம், முதல் வாசிப்புக்கு அச்சில் வந்த வரிசைதான் என்று அடித்துச் சொல்வேன். ஒரே ஒரு காட்சியை எடுத்துக் காட்டுகிறேன்.

நான்காவது புத்தகத்தில் ஜானின் நண்பன் சாமின் முதல் அத்தியாயம். சுவரில் இருக்கும் காஸில் பிளாக் கோட்டையில் ஜானைப் பார்க்கப் போகிறான். எதிரே, அவன் காப்பாற்றிக் கூட்டி வந்த கைக்குழந்தைக்காரி கில்லி கலங்கிய முகத்தோடு அவனைக் கடந்து ஓடுகிறாள். ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை. உள்ளே போனால் ஜான் பழைய ஜானாக இல்லை, இறுகிப் போய்த் தளபதியாக உட்கார்ந்திருக்கிறான். கில்லியையும் கிழவர் ஏமனையும் அழைத்துக்கொண்டு கடல் கடந்து போ என்று உத்தரவு. கப்பலில் கில்லி ராப்பகலாக அழுதுகொண்டே வருகிறாள். கடல் பயம் என்று சாம் நினைக்கிறான். ஏமன் சொல்லித்தான் அவனுக்கு உறைக்கிறது: அவள் கையில் இருப்பது அவள் பெற்ற பிள்ளையே இல்லை. ராஜ ரத்தம் என்று சொல்லி ஸ்டானிஸின் தீப் பூசாரி மெலிசாண்ட்ரே, காட்டுமக்கள் ராஜா மேன்ஸின் குழந்தையைத் தீயில் போட்டுவிடுவாளோ என்று ஜான் குழந்தைகளை மாற்றி அனுப்பியிருக்கிறான். கில்லியின் பிள்ளை சுவரிலேயே தங்கிவிட்டது.

அப்போது ஜான் மேல் நமக்கு வருகிற கோபம் சாதாரணக் கோபம் இல்லை. ஒரு தாயிடம் இப்படி ஒருவன் செய்வானா என்று தோன்றுகிறது. அந்தக் கோபத்தோடு ஒரு முழுப் புத்தகத்தைக் கடந்து போகிறோம். ஐந்தாவதில் ஜானின் இரண்டாவது அத்தியாயத்தில் அதே நாள், அதே அறை. இப்போது நாம் ஜானின் மண்டைக்குள் இருக்கிறோம். மறுத்தால் உன் பிள்ளையும் சாகும் என்று கில்லியை அவன் மிரட்டுவதை உள்ளேயிருந்து பார்க்கிறோம். தான் என்ன செய்கிறோம் என்று அவனுக்கு ஒவ்வொரு சொல்லிலும் தெரிகிறது. சாம் உள்ளே வந்ததும் இரண்டு புத்தகத்திலும் அதே உரையாடல் நடக்கிறது. வார்த்தை மாறவில்லை, அதைக் கேட்கும் நாம்தான் மாறியிருக்கிறோம்.

கலந்து படிக்கும் பட்டியலில் இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடும். கோபப்படுவதற்கு அவகாசமே இருக்காது. மறுவாசிப்பில் தாராளமாகக் கலந்து படியுங்கள், அதில் வேறு சுவை உண்டு.

#5 இரவுவாசகி

இரவுக்காவல் அண்ணா, பிரியனைத் தாண்டிப் போகிறேன் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க மனசு கேட்கவில்லை. நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் மூன்று புத்தகங்களில் போரைப் பெரும்பாலும் யாரோடு பார்த்தோம்? படை நடத்துகிறவர்களோடும் அவர்கள் வீட்டு ஆட்களோடும். ஆர்யா மட்டும்தான் விதிவிலக்கு. நான்காவது புத்தகம் போர் ஓய்ந்த பிறகு நடக்கிறது. வெந்த கிராமங்கள், மரத்தில் தொங்கும் பிணங்கள், அறுக்க ஆளில்லாத வயல்கள். சான்சா கிடைக்க மாட்டாள் என்று நமக்குத் தெரிந்திருப்பது குறையே இல்லை. அது தெரிந்திருப்பதால்தான் நம் கண் தேடலை விட்டுவிட்டு வழியைப் பார்க்கிறது.

ஐந்தாவது பிரியன் அத்தியாயத்தில் மெரிபால்டு என்று ஒரு செப்டன், அதாவது பாதிரி, வருகிறார். செருப்பில்லாமல் நடப்பவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். ஒரு கழுதை, ஒரு நாய். பிரபுக்கள் எட்டிப் பார்க்காத குக்கிராமங்களுக்குச் சாப்பாடும் பிரார்த்தனையும் கொண்டு போகிறவர். கொள்ளைக்காரனுக்கும் படையிலிருந்து உடைந்து ஓடியவனுக்கும் என்ன வித்தியாசம் என்று பேச்சு வருகிறது. மனிதர் மெதுவாக ஆரம்பிக்கிறார். ஊரை விட்டு ஒரு மைல் தாண்டியிராத பையன்கள், அண்ணன் தம்பிகளோடும் கூட்டாளிகளோடும் தங்கள் பிரபுவின் கொடிக்குப் பின்னால் பாட்டுப் பாடிக்கொண்டு கிளம்புகிறார்கள். முதல் சண்டையிலேயே சிலர் உடைந்துவிடுகிறார்கள். சிலர் பல சண்டை தாங்குகிறார்கள். செருப்பு பிய்கிறது, செத்தவன் காலிலிருந்து கழற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். கெட்ட தண்ணீர் குடித்து வயிற்றுப்போக்கு. கூட வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போகிறார்கள். ஒருநாள் அவனும் உடைந்து ஓடுகிறான், அப்புறம் மிருகம் மாதிரி வாழ்கிறான். அவனைக் கண்டு பயப்படத்தான் வேண்டும், ஆனால் இரக்கமும் வேண்டும் என்கிறார். நீங்கள் எத்தனை வயதில் போருக்குப் போனீர்கள் என்று கேட்கும்போது தெரிகிறது, அவர் அண்ணன்களோடு சின்னப் பையனாகப் போய்த் தனியாகத் திரும்பியவர் என்று.

ஐந்து புத்தகத்திலும் எனக்கு இதற்கு மேல் ஒரு பக்கம் கிடையாது. இதைக் கேட்கும் இடத்தில் பிரியன் இருப்பதுதான் சரி. சத்தியத்தையும் வீரத்தையும் முழுசாக நம்புகிறவள் அவள். அதே புத்தகத்தில் ஜேமியும் அதே ஆற்றுநாட்டில்தான் போய்க்கொண்டிருக்கிறான், ஆனால் படையோடு, குதிரை மேலிருந்து, முற்றுகையை முடித்து வைக்க. அவனுக்கு எந்த மெரிபால்டும் வந்து கதை சொல்ல மாட்டார்.

கடைசி அத்தியாயத்தையும் தாண்டிப் போனீர்களா? பிரியனைக் கட்டி இழுத்துப் போய் நிறுத்துவது லேடி ஸ்டோன்ஹார்ட் முன்னால். கேட்லின். மூன்று புத்தகங்களில் 25 அத்தியாயங்கள் நாம் குடியிருந்த மனசு அது. பிள்ளைகளுக்காக அவள் பட்ட ஒவ்வொரு பயமும் நமக்குத் தெரியும். இப்போது கழுத்து அறுபட்ட உடம்பாக எழுந்து, பழி தீர்க்க ஆட்களைத் தூக்கில் போடுகிறாள். அவளுக்கு இனி அத்தியாயம் கிடையாது. அவள் பெயரைத் தலைப்பில் போடாமல், அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்த ஒருத்தியின் கண்ணால் வெளியே நிறுத்திப் பார்க்க வைக்கிறார். உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நமக்கு வழியே இல்லை. அந்த எட்டு அத்தியாயத்தில் பிரியனோடு நடக்காதவர்களுக்கு இந்தக் காட்சி வெறும் பேய்க்கதையாகத்தான் தெரியும்.

#6 இரவுக்காவல்

கேட்லினைப் பற்றி எழுதியது மனசில் தைத்தது. அந்தக் கோணத்தில் நான் பார்த்ததில்லை. மெரிபால்டு பக்கத்தை மறுபடி படிக்கிறேன்.

ஆனாலும் எட்டு அதிகம்தான் இரவுவாசகி. மெய்டன்பூல், க்ராக்லா முனை எல்லாவற்றையும் இரண்டில் அடக்கியிருக்கலாம். நல்ல பக்கம் ஒன்று இருக்கிறது என்பதற்காக மற்றவை நீளமாக இருப்பது சரியாகிவிடாது.

#7 தூரதேசம்

கதை சொல்கிறவர்கள் நம்மிடம் மறைப்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே. சான்சாவை எடுத்துக்கொள்வோம்.

இரண்டாவது புத்தகத்தில் தலைநகர் கிங்ஸ் லேண்டிங்குக்கு வெளியே ஆறு பற்றி எரியும் இரவு. ஜாஃப்ரியின் மெய்க்காப்பாளன் ஹவுண்ட் குடித்துவிட்டு அவள் அறையில் காத்திருக்கிறான். கட்டிலில் தள்ளி, கத்தியைக் கழுத்தில் வைத்து, ஒரு பாட்டுப் பாடு என்கிறான். பயத்தில் அவளுக்கு ஞாபகம் வருவது அன்னைத் தெய்வத்தைப் பற்றிய துதி மட்டும்தான். அதைப் பாடுகிறாள். கையை நீட்டி அவன் கன்னத்தைத் தொடுகிறாள், ஈரமாக இருக்கிறது. ரத்தம் மட்டுமல்ல அந்த ஈரம். அவன் எழுந்து போய்விடுகிறான், அழுக்கும் ரத்தமுமான வெள்ளை மேலங்கியை விட்டுவிட்டு. அவ்வளவுதான். அந்தப் பக்கங்களில் முத்தம் எங்கும் இல்லை, திரும்பத் திரும்பப் புரட்டிப் பாருங்கள்.

மூன்றாவது புத்தகத்திலிருந்து சான்சா அந்த இரவை நினைக்கும்போது அவன் முத்தமிட்டதாக நினைக்கிறாள். நான்காவதிலும் அப்படியே, இன்னும் விவரமாக. யாரிடமும் பொய் சொல்லவில்லை அவள். தனக்குள்ளேயே அந்த இரவைத் தாங்கிக்கொள்கிற மாதிரி மாற்றி எழுதிக்கொண்டுவிட்டாள். முதல் புத்தகத்தில் பாட்டுகளையும் கதைகளையும் நம்பிய அதே பெண். சுற்றி எல்லாமே பறிபோன பிறகும் அந்தப் பழக்கம் மட்டும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது. நான்காவதில் தலைப்பிலேயே அவள் பெயர் போய் ‘அலெய்ன்’ என்று வருகிறது. ஆர்யா ‘கேனல்களின் கேட்’ ஆகிறாள். தியோனின் பெயர் இருந்த இடத்தில் ‘ரீக்’. தலைப்பைப் பார்த்தாலே அந்த ஆள் தன்னை இப்போது யாராக நினைத்துக்கொள்கிறார் என்று தெரிந்துவிடும்.

#8 கொக்குமரம்

அந்த முத்தம் எழுத்தாளரின் கவனப் பிசகாக இருக்காதா? இவ்வளவு பெரிய கதையில் சின்னச் சின்ன முரண்கள் வரத்தானே செய்யும்.

#9 தூரதேசம்

இல்லை. வாசகர்கள் இதை அவரிடமே கேட்டார்கள். அது வேண்டுமென்றே வைத்தது, பின்னால் அதற்கு அர்த்தம் வரும் என்று மார்ட்டின் பதில் சொல்லியிருக்கிறார்.

#10 பக்கம்புரட்டி

தூரதேசம் சொன்னதோடு நெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜானின் அம்மா யார் என்பது உயிரோடு இருப்பவர்களில் மிகச் சிலருக்கே தெரிந்த ரகசியம். பதினைந்து அத்தியாயம் நெட்டின் மண்டைக்குள்ளேயே இருக்கிறோம், ஆனாலும் அது நமக்குக் கிடைப்பதில்லை. மார்ட்டின் ஏமாற்றவில்லை. நெட் அதை நினைப்பதையே தவிர்க்கிறார். தங்கை லியானாவின் நினைவு வரும்போதெல்லாம் ரத்தமும் ரோஜாவும் கொடுத்த சத்தியமும் வந்து நிற்கின்றன, அதற்கு மேல் போக விடாமல் மனதை இழுத்துக்கொள்கிறார். கால் உடைந்து காய்ச்சலில் கிடக்கும்போது மட்டும் அந்தக் கோபுரக் கனவு முழுசாக வருகிறது. பதினான்கு வருஷம் ஒரு விஷயத்தை மனைவியிடமிருந்து மறைத்தவர், தன்னிடமிருந்தும் மறைத்துப் பழகியிருப்பார்.

அதே மாதிரி இரவுக்காவல் ‘ஒரு பூசாரி’ என்று ஒதுக்கிய ஏரன். அவன் நினைவில் துருப்பிடித்த கீல் கிறீச்சிடும் சத்தம் ஒன்று வந்துகொண்டே இருக்கும். என்ன கதவு, யார் திறந்தது என்று அவன் சொல்வதில்லை. அண்ணன் யூரானின் பெயர் வரும்போது அந்தச் சத்தமும் வருவதை வைத்து நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். கடல் தெய்வத்தின் பேரில் ஊரையே நடுங்க வைக்கும் ஆள், உள்ளே அந்தக் கதவுக்கு இன்னமும் பயந்துகொண்டிருக்கிறான்.

மெலிசாண்ட்ரேக்கு ஐந்து புத்தகத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு அத்தியாயம், ஐந்தாவதில். அதுவரை ஸ்டானிஸின் விசுவாசி டாவோஸின் பார்வையில் அவள் சந்தேகமே இல்லாத பயங்கரி. உள்ளே போனால் தூங்கவே பயப்படுகிற ஒருத்தி. சட்டைக் கைக்குள் பொடிகளை வைத்து வித்தை காட்டுகிறாள். தீயில் தெரிவது பொய்யில்லை, அதற்கு அவள் சொல்லும் பொருள்தான் தவறிப் போகிறது. சாகக் கிடக்கும் குதிரை மேல் சாம்பல் உடையில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு ஜானின் தங்கை என்கிறாள். வந்து சேர்வது ஆலிஸ் கார்ஸ்டார்க். மறுபடி பிறந்து உலகைக் காப்பான் என்று அவள் நம்பும் நாயகன் அசோர் அஹாயைக் காட்டு என்று தீயிடம் கேட்கிறாள், திரும்பத் திரும்ப ஜான் ஸ்னோதான் தெரிகிறான். அவளோ ஸ்டானிஸைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள். கண்ணெதிரே இருப்பதை அவள் பார்க்க மறுப்பதை நாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறோம்.

#11 காதால்படிப்பவன்

நான் இதை ஆடியோ புத்தகமாகக் கேட்டவன். ராய் டோட்ரிஸ் படித்தது. முதல் புத்தகத்துக்கு மட்டும் 224 பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்துக் கின்னஸில் இடம் பிடித்தவர். 2017இல் காலமானார். வேலைக்குப் போகும் வழியில் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அத்தியாயத் தலைப்பைத் தவறவிட்டால் கொஞ்ச நேரம் யாரோடு இருக்கிறோம் என்றே தெரியாது, பின்னால் போய்க் கேட்டுவிட்டுத் தொடருங்கள். சில பெயர்களை அவர் புத்தகத்துக்குப் புத்தகம் வேறு மாதிரி உச்சரிப்பார், அதற்கும் தயாராக இருங்கள்.

#12 இரவுக்காவல்

குறை மட்டும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். பல பேர் கண்ணால் பார்ப்பது எங்கே அசத்தலாக வேலை செய்தது என்றால் பிளாக்வாட்டர் சண்டையில்.

இரண்டாவது புத்தகம் நெடுகிலும் டிரியன் நகரத்துக் கொல்லர்களையெல்லாம் கூட்டி, வேறு எந்த வேலையும் வேண்டாம், சங்கிலி அடியுங்கள் என்கிறான். எதற்கு என்று சொல்வதில்லை. அவன் மண்டைக்குள் இருந்தும் நமக்கு முழுத் திட்டம் தெரியாது. காட்டுத்தீ ஜாடிகள் எத்தனை என்று கணக்குப் பார்க்கிறான், அதுவும் துண்டு துண்டாகத்தான்.

சண்டை ஆரம்பிக்கும்போது டிரியன் அத்தியாயம் வரும் என்று பார்த்தால் டாவோஸ் வருகிறார். ஸ்டானிஸின் கப்பல் படையில், ஆற்றின் நடுவே, பிள்ளைகளும் அதே படையில். முகத்துவாரத்தில் இரண்டு புதுக் கோபுரங்களைப் பார்க்கிறார், பழைய கடத்தல்காரர் கண் அல்லவா, எங்கோ உதைக்கிறது என்று அவருக்குத் தெரிகிறது. ஆனால் தளபதி கேட்கும் இடத்தில் இல்லை. பச்சைத் தீ வெடிக்கும்போது நாம் அதற்கு நடுவில் நிற்கிறோம். தண்ணீரில் விழுந்து அடித்துச் செல்லப்படும்போது சங்கிலி மேலே ஏறியிருப்பது தெரிகிறது. டிரியனின் புத்திசாலித்தனத்தைப் பார்த்துக் கைதட்டவே முடியவில்லை, ஏனென்றால் டாவோஸின் பிள்ளைகள் அங்கே எரிந்துகொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது மதில் மேல் டிரியன், அப்புறம் கோட்டைக்குள் பெண்களோடு சான்சா. உள்ளே ஜாஃப்ரியின் அம்மா செர்சி குடித்துக்கொண்டே, தோற்றால் என்ன ஆகும் என்று அவளுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறாள். தலை வெட்டும் இல்லின் பெய்ன் எதற்காக நிற்கிறான் என்றும் சொல்கிறாள். சண்டையில் ஜெயித்த செய்தி சான்சாவுக்கு வந்து சேரும்போதும் அது அரைகுறைதான்: ரென்லியின் ஆவி வந்து சண்டை போட்டதாம். மூன்று பேருக்கும் மூன்று வேறு சண்டை. இங்கே ஒரு அத்தியாயம்கூட வீண் இல்லை.

இதனால்தான் டோர்ன் இளவரசன் குவென்டின் மேல் எனக்கு இன்னும் கோபம். ஐந்தாவதில் நான்கு அத்தியாயம். டோர்னிலிருந்து கிளம்புகிறான், கூட வந்தவர்கள் சாகிறார்கள், டெனேரிஸ் வேண்டாம் என்கிறாள், டிராகனைப் பிடிக்கப் போய் எரிகிறான். அவன் பார்வையில் நமக்கு என்ன புதிதாகக் கிடைத்தது?

#13 இரவுவாசகி

கதைகளில் வரும் இளவரசனுக்கு நடக்க வேண்டியது எல்லாம் அவனுக்கும் நடக்கிறது அண்ணா: நீண்ட பயணம், தோழர்கள், தூரதேசத்து ராணி, கடைசியில் டிராகன். தான்தான் நாயகன் என்று அவன் நம்புகிறான். அவன் அத்தியாயத்தில் இருக்கும்வரை நாமும் கொஞ்சம் நம்புகிறோம். அடுத்து டெனேரிஸின் காவலர் பாரிஸ்டன் செல்மி வந்து, கட்டிலில் வெந்து கிடக்கும் உடம்பாக அவனைப் பார்க்கிறார். சாக மூன்று நாள் ஆகிறது. அவன் தலைப்பில் இருந்தபோதுதான் அவன் கதை பெரிதாகத் தெரிந்தது. எனக்கு இது பிடிக்கும். உங்களுக்குப் பிடிக்காததும் எனக்குப் புரிகிறது.

#14 புதுவரவு

எல்லோருக்கும் வணக்கம். கதை உடையும் என்று தெரிந்தேதான் படித்தேன், டிவியில் பார்த்துவிட்டேன். இங்கிலீஷில் பெரிய நாவல் படித்த பழக்கம் அதிகம் இல்லை. பெயர்களே குழப்புகின்றன. எப்படி ஆரம்பிப்பது? அப்புறம், கதை முடியவே இல்லையாமே, ஆரம்பிக்கலாமா?

#15 பக்கம்புரட்டி

தாராளமாக ஆரம்பியுங்கள். மொழி கடினம் இல்லை, பெயர்கள்தான் கடினம். ஒவ்வொரு புத்தகத்தின் பின்னாலும் எந்த வீட்டில் யார் யார் என்று பட்டியல் இருக்கிறது, நீங்கள் படிக்கும் அதே புத்தகத்தின் பட்டியலை மட்டும் பாருங்கள். அடுத்த புத்தகத்தின் பட்டியலைத் திறந்தால் யார் செத்தார்கள் என்று போட்டிருக்கும். பெயரை இணையத்தில் தேடவே தேடாதீர்கள், முதல் வரியிலேயே எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவார்கள்.

முதல் நூறு பக்கத்துக்கு எல்லோரையும் ஞாபகம் வைக்க முயல வேண்டாம். எட்டுப் பேரை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு அத்தியாயம் முடிந்ததும் அந்த ஆளுக்கு இப்போது என்ன தெரியும், என்ன தெரியாது என்று மனதில் ஒரு வரி ஓட்டிப் பாருங்கள், அது போதும். ஒருவருடைய அத்தியாயங்களை மட்டும் பொறுக்கி வரிசையாகப் படிக்கும் ஆசை வரும், முதல் தடவை வேண்டாம்.

முடியாதது பற்றி: 2011க்குப் பிறகு ஆறாவது புத்தகம் இன்னும் வரவில்லை, அது உண்மை. ஆனால் மூன்றாவது புத்தகத்தின் முடிவு நல்ல நிறுத்தம். அதுவரை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

#16 தூரதேசம்

புதுவரவு, முன்கதையையும் பின்கதையையும் தள்ளிவிடாதீர்கள். அங்கே ஒரே ஒரு தடவை கதை சொல்ல வருகிறவர்கள் யாரும் பிழைப்பதில்லை: வில், கிரெசன், செட், பேட், வராமிர், பின்கதைகளில் மெரட் ஃப்ரே, கெவன் லானிஸ்டர். புதுப் பெயர் ஒன்று முன்கதையில் வந்தால் அந்த ஆள் சாகப் போகிறார் என்று தெரிந்தேதான் படிப்போம்.

கெவன் விஷயம் தனி. லானிஸ்டர் வீட்டுத் தலைவர் டைவினின் நிழலில் நின்ற தம்பி. ஐந்தாவதின் கடைசி அத்தியாயத்தில் முதல் முறையாக உள்ளே போகிறோம். செர்சி செய்து வைத்த நாசத்தையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டிருக்கிறார். கடன், கோயில், டைரல்கள், எல்லாம். அரண்மனை உளவுத் தலைவன் வேரிஸ் அவரை அம்பால் அடித்துவிட்டுச் சொல்லும் காரணமே அதுதான்: நீங்கள் நாட்டைச் சீராக்கிவிடுவீர்கள், அது எனக்கு ஆகாது. மன்னிப்பும் கேட்கிறான். கெவனை வெளியிலிருந்தே பார்த்திருந்தால் இன்னொரு லானிஸ்டர் ஒழிந்தான் என்று பக்கத்தைப் புரட்டியிருப்போம்.

#17 இரவுக்காவல்

கெவன் அத்தியாயத்தில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஒரே அத்தியாயத்தில் ஒரு ஆளை முழுசாகக் காட்ட முடியும் என்பதற்கு அதுவும் மெலிசாண்ட்ரேயும் போதும். அதனால்தான் பிரியனுக்கு எட்டு எதற்கு என்று இன்னமும் கேட்கிறேன்.

பக்கம்புரட்டி, ஏரனின் கீல் சத்தத்தை வைத்து அவனை மறுபடி படிக்கப் போகிறேன். ஆறாவது புத்தகத்திலிருந்து மார்ட்டின் வாசகர்கள் முன் படித்துக் காட்டிய பகுதிகளில் ஏரனின் அத்தியாயம் ஒன்று இருக்கிறது, யூரானின் கப்பலில் கைதியாக. நான்காவது புத்தகத்தின் இரண்டு ஏரன் அத்தியாயங்களையும் முடித்துவிட்டு அதை எடுக்கிறேன். யாராவது கூடப் படிக்க வருகிறீர்களா?